கிளாசினா வீட்டுக் காலண்டர்

கிளாசினா வீட்டுக் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் ஃபென்னாவின் பெயர் இல்லை. ஐந்து வருடமாக அவள் அந்த வீட்டுக்குப் போய் வருகிறாள். ஐந்து வருடமாக இல்லை.

அந்தக் காலண்டரில் கிழமையும் கிடையாது, ஆண்டும் கிடையாது. மாதத்துக்கு ஒரு தாள், தாளில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண்கள், எண்ணுக்கு எதிரே பெயர்கள். டிசம்பர் முடிந்தால் மறுபடி ஜனவரிக்குத் திருப்பிவிட்டால் போயிற்று. ஒரு ஆயுசுக்கு ஒரு காலண்டர் போதும். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும்படி கதவின் உட்பக்கம் மாட்டியிருக்கும். கிளாசினாவினுடையது அவள் அம்மா காலத்தது. அம்மா போன பிறகு வீடு மூத்த மகளுக்கு வந்தது. காலண்டர் அடித்த ஆணியிலேயே இருந்தது, எழுதும் உரிமை மட்டும் கை மாறியது.

யார் யார் அதில் இருக்கிறார்கள் என்பது ஃபென்னாவுக்கு மனப்பாடம். கிளாசினாவும் அவள் கணவன் மெய்ண்டர்டும், பிள்ளைகளும் மருமக்களும். தாய்மாமன் லுபெர்ட். இறந்துபோனவர்கள்கூடப் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவையோடு தங்கள் தேதியை விட்டுக்கொடுக்காமல் இருந்தார்கள். ஊர்ப் பல் டாக்டர் இருந்தார். மே மாதத்தில் ஒரு படகு இருந்தது, முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கிய நாள் என்ற தகுதியில். மார்ச் பதினான்கில் ஹில்லி இருந்தாள், கிளாசினாவின் தம்பி ரீக்கெல்ட்டின் முன்னாள் மனைவி. விவாகரத்தாகி ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் நீல மையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரீக்கெல்ட் இப்போது வாழ்வது ஃபென்னாவோடு.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஃபென்னா தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, கழிப்பறைக் கதவைப் பார்த்து மனம் கசங்குவதா? ஆனால் பிறந்தநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காலண்டரில் இருந்தால் அன்றைக்குக் குடும்பம் முழுக்க வந்து நிற்கும். இல்லாவிட்டால் வராது. ஐந்து வருடத்தில் கிளாசினாவின் குடும்பத்திலிருந்து ஒருவர்கூட ஃபென்னாவின் வீட்டுப் படி ஏறியதில்லை. சரியாகச் சொன்னால், இறங்கியதில்லை.

ஏனென்றால் ஃபென்னாவின் வீடு இருக்கும் நிலம் கடல்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே கிடக்கிறது. எண்பது வருடத்துக்கு முன்னால் அங்கே மீன்கள்தான் குடியிருந்தன. அணை கட்டி, தண்ணீரை இறைத்து, சேற்றைக் காயவைத்து, நேர்க்கோடு போட்டு வயல்களாக்கினார்கள். நிலம் வேண்டும் என்று ஃபென்னாவின் தாத்தா விண்ணப்பம் போட்டார். அதிகாரி வீட்டுக்கே வந்து, அலமாரியைத் திறந்து, துணி மடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் தகுதியானவர்கள் என்று எழுதிக்கொடுத்தாராம். அந்த நிலத்தைக் காயவைத்துக்கொண்டிருக்கும் பம்ப் நிலையத்தில்தான் ஃபென்னாவுக்கு வேலை. ஊறி வரும் தண்ணீரை வெளியே தள்ளுவது, மறுபடி ஊறுவதைத் தள்ளுவது. நிலம் ஒரு தடவை கிடைத்துவிட்டால் அப்படியே இருந்துவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கிளாசினாவின் ஊர் வேறு மாதிரி. அது தீவாக இருந்த ஊர். சுற்றிலும் இருந்த கடலை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு பக்கம் ஏரி, மற்றப் பக்கங்களில் உருளைக்கிழங்கு. ஆனாலும் மேட்டில் நிற்பதால், ஊர்க்காரர்கள் வயல்காட்டுப் பக்கம் கையை நீட்டி "கீழே" என்றுதான் சொல்வார்கள். புகைபோட்ட மீன் விற்கும் ரீக்கெல்ட் ஃபென்னாவுக்காகக் "கீழே" இறங்கிப் போனவன். அதிலும் கல்யாணம் செய்துகொள்ளாமல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் தேவாலயத்துக்குப் போகும் கிளாசினாவுக்கு இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்பது ஃபென்னாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரீக்கெல்ட்டிடம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"உங்கக்கா காலண்டர்ல என் பேரு இல்ல."

"எந்தக் காலண்டர்?"

"டாய்லெட்ல மாட்டியிருக்காங்களே."

"நான் அங்க போனா கண்ண மூடிக்கிட்டு உக்காருவேன்."

"ஹில்லி இருக்கா."

"டாய்லெட்லயா?" என்று அவன் திடுக்கிட்டான். பிறகு சிரித்துவிட்டு, "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றான்.

"வேண்டாம். சொன்னா உன்ன விட்டுட்டுத் தனியா வீடு பாத்துக்குவேன்."

சொல்லி எழுத வைத்த பெயரைத் தினமும் யார் பார்த்துக்கொண்டிருப்பது?

ஏப்ரல் பதினொன்று கிளாசினாவின் பிறந்தநாள். ஐம்பத்தேழு. கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பதினான்கு பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்ல, வட்டம் முழுக்கச் சுற்றி எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். "உன் பொண்டாட்டிக்காக வாழ்த்துகள், மெய்ண்டர்ட்." "உன் அக்காவுக்காக வாழ்த்துகள், ரீக்கெல்ட்." ஃபென்னாவிடம் வந்ததும் எல்லோருக்கும் ஒரு நொடி தடங்கும். "ம்ம்... ரீக்கெல்ட்டோட அக்காவுக்காக வாழ்த்துகள்." உன் நாத்தனாருக்காக என்று ஒருவர் வாயிலும் வராது. கை மட்டும் அன்போடு குலுக்கும்.

லுபெர்ட் மாமாவுக்கு எண்பத்தொரு வயது. கேக்கைத் தட்டில் வாங்கிய உடனே வழக்கமானதை ஆரம்பித்தார்.

"ஏம்மா ஃபென்னா, உங்கப்பன் இந்த வருஷமும் உருளைக்கெழங்குதான் போட்டிருக்கானா?"

"ஆமா மாமா."

"அந்த எடத்துல எங்கப்பாரு நெத்திலி புடிச்சாரு. அவன்கிட்ட சொல்லு, வாடகை பாக்கியிருக்குன்னு."

"நெத்திலிகிட்ட வாங்கிக்கோங்க மாமா. நாங்க வந்தப்ப அதுங்க காலி பண்ணிட்டுப் போயிருந்துச்சு."

வட்டம் சிரித்தது. கிளாசினா சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டே, "வார்த்தைக்கு வார்த்தை வச்சிருக்கா," என்றாள். அது பாராட்டா, குற்றச்சாட்டா? ஃபென்னா அதை மனதுக்குள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது காப்பிக்குப் பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போனாள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஏரிக்காற்றின் ஈரம் சுவரில் ஊறி, எப்போதும் ஈரத் துணி வாசம் அடிக்கும். கிளாசினா சிக்கனக்காரி, விளக்கு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும்படி வைத்திருந்தாள். இரண்டு நிமிடத்தில் முடியாத வேலை யாருக்கும் இருக்கக்கூடாது என்பது அவள் எண்ணம். காலண்டருக்குக் கீழே ஒரு குறுக்கெழுத்துப் புத்தகமும், நூலில் கட்டிய ஒரு பென்சிலும்.

ஃபென்னா பென்சிலைப் பார்த்தாள். எழுத வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. பென்சிலின் முனை கூர்மையாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஏப்ரலைத் தூக்கினாள், மே, ஜூன், ஜூலை. ஆகஸ்ட் தாளில் விரலை வைத்தபோது விளக்கு அணைந்தது. அதே நொடியில் கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு? குடியேறியாச்சா?" லுபெர்ட் மாமாவின் குரல்.

"ஒரு நிமிஷம் மாமா!"

"என் வயசுல ஒரு நிமிஷங்கிறது ரொம்ப நீளம்மா."

அப்போதே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. இருட்டில் தாளைப் புரட்டி, விரலால் ஓரத்தைத் தடவி ஒன்பதாவது வரியை எண்ணிப் பிடித்து, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். ஆறு வயதில் முதன்முதலாகப் பெயர் எழுதியபோது அடித்துக்கொண்ட மாதிரியே நெஞ்சு அடித்துக்கொண்டது. தண்ணீரை விட்டு வெளியே எழுந்த மண்ணில் கோடு போட்டு, இது என்னுடையது என்று எழுதியவர்களின் பேத்தி அல்லவா, வேறெப்படிச் செய்வாள் என்று பிறகு தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானம் கூடம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

பதினான்கு பேர், ஆளுக்கு நான்கு கோப்பை காப்பி. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் போகத்தானே போகிறார்கள்? கதவில் ஏப்ரல்தான் தெரியும், உண்மை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து மற்ற மாதங்களைப் புரட்டாமல் வந்த மனிதர்கள் உண்டா? லுபெர்ட் மாமா திரும்பி வந்தார். அவர் முகத்தில் நிம்மதி மட்டுமே இருந்தது. மெய்ண்டர்ட் போனான், வந்தான். மருமகள் ஒருத்தி போய்வந்து ஃபென்னாவைப் பார்த்துப் புன்னகைத்தாள், ஏன் புன்னகைத்தாள்? கடைசியில் கிளாசினாவே எழுந்து போனாள். ஃபென்னா மடியிலிருந்த பாலாடைக்கட்டித் துண்டை எண்ணெய் வழியும் வரை பிசைந்துகொண்டிருந்தாள்.

கிளாசினா வந்தாள். வட்டத்தின் நடுவில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரோ டாய்லெட் பேப்பர முடிச்சிட்டு புதுசு மாட்டாம வந்திருக்கீங்க," என்றாள்.

அவ்வளவுதான்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி ஃபென்னா இரண்டு ஆப்பிள் கேக் செய்தாள். பம்ப் நிலையத்து உணவறையிலிருந்து பன்னிரண்டு மடக்கு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் வட்டமாகப் போட்டாள். ரீக்கெல்ட் கடையை மூடிவிட்டு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன, ஏதாவது கட்சி ஆரம்பிக்கிறியா?"

"யாராச்சும் வந்தா உக்காரணும்ல."

"யாரு வரப்போறா?"

அவள் ஒரு நாற்காலியை நேராக நகர்த்தினாள். எழுதியதை அவனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அப்பா ஹார்மன் வயலிலிருந்து போன் செய்து, கிழங்கு தோண்ட ஆரம்பித்தாயிற்று, இயந்திரத்தை விட்டு நகர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கத்தி வாழ்த்தினார். ஏழரை மணியானது. திரை போடாத பெரிய ஜன்னல் வழியாகத் தெருவில் போகும் ஒவ்வொரு வண்டியும் தெரிந்தது, வண்டியில் போகிறவர்களுக்குப் பன்னிரண்டு காலி நாற்காலிகளும் தெரிந்தன. எட்டு மணியானது. பக்கத்து வீட்டுக்காரி நாயோடு போகையில் கையசைத்தாள். எட்டரைக்கு ரீக்கெல்ட், ஒன்றும் கேட்காமல், ஒவ்வொரு நாற்காலியிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கப் போவதாகச் சொல்லி, நான்காவதுவரை உட்கார்ந்தான். அதற்காகவே அவனை அவளுக்குப் பிடிக்கும்.

நாற்காலிகளை மடக்கிக் கொட்டகையில் அடுக்கினாள். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. இத்தனை நாள் வலித்தது மறதியின் வலி. மறதிக்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது பார்த்துவிட்டார்கள், படித்துவிட்டார்கள், வருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். தானாக எழுதிக்கொண்டவளுக்கு இதுதான் பதில். ஒரு வாரம் பம்ப் நிலையத்தில் எல்லோரும் ஆப்பிள் கேக் சாப்பிட்டார்கள். "உனக்கு தெனமும் பொறந்தநாள் வரணும்," என்றான் உடன் வேலை செய்பவன் ஒருவன். அவனை நோக்கி அவள் பார்த்த பார்வையில், இரண்டாவது துண்டை எடுக்காமலே போனான்.

அக்டோபரில் நான்கு நாள் விடாமல் மழை. கால்வாய்கள் விளிம்புவரை வந்து நின்றன. பம்புகளுக்கு முன்னாலிருக்கும் கம்பி வலையில் பாசியும் நாணலும் அப்பிக்கொண்டே இருந்தன; அவற்றோடு ஒரு கால்பந்து, ஒரு சைக்கிள், யாரோ தோட்டத்துக்கென்று வாங்கிய பிளாஸ்டிக் கொக்கு. ஒன்பதாம் தேதி ஃபென்னா பொழுது முழுக்க அவற்றை வாரி வாரிக் கரையில் போட்டாள். அந்த வேலை அவளுக்கு நல்லதாகவே இருந்தது. வலையில் மாட்டியதை எடுத்துப் போட்டால் தண்ணீர் போகிறது. மனிதர்கள் இவ்வளவு நியாயமாக நடந்துகொள்வதில்லை.

மாலை ஏழேகாலுக்கு, மழைக்கோட்டும் முழங்கால் பூட்ஸுமாகத் தெருமுனையில் திரும்பியவள் சைக்கிளை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டு ஜன்னல் முழுக்க வெளிச்சம். வெளிச்சத்துக்குள் ஒரு வட்டம். வட்டத்தில் மடக்கு நாற்காலிகள். நாற்காலிகளில் லுபெர்ட் மாமா, மெய்ண்டர்ட், மருமக்கள், நடுவில் நிமிர்ந்த முதுகோடு கிளாசினா. ஒரு ஓரத்தில் காலுறையோடு, கை நிறைய டாலியாப் பூக்களோடு அவள் அப்பா. யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

கதவைத் திறந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். "வாழ்த்துகள்!" சேறு படிந்த அவள் கையை ஒவ்வொருவராகப் பிடித்துக் குலுக்கினார்கள். சமையலறை வாசலில் ரீக்கெல்ட் காப்பிப் பாத்திரத்தோடு நின்று, புருவத்தை மட்டும் தூக்கினான். அவள் அவனை நெருங்கியதும் கிசுகிசுத்தான்:

"கதவத் தொறந்தா பதிமூணு பேரு. 'உன் ஃபென்னாவுக்காக வாழ்த்துகள்'ங்கிறாங்க. நான் நன்றின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?"

"ஒரு விஷயம் கேக்கணும்," என்றாள் கிளாசினா, உட்காராமல். "கேக் எங்க?"

"கேக்..."

"பேர மட்டும் எழுதிட்டா ஆச்சா? பொறந்தநாள் வீட்ல ஒரு துண்டு கேக் இல்ல. இவன் புகைமீன நறுக்கி ரொட்டில வச்சுக் குடுக்குறான். எழுதுனவங்க கேக் வாங்கணும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச முறை."

கிளாசினாவுக்குத் தெரியும். எழுதியது யார் என்று எல்லோருக்குமே தெரியும். ஃபென்னாவின் காதுகள் சூடாயின. ஆனால் இன்றைக்கு ஏன்? பூட்ஸிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"இந்தம்மா நேத்து போன் பண்ணாங்க. நாளைக்கு உங்க மக பொறந்தநாள், வந்துடுங்கன்னு. நான் சரின்னு சொல்லிட்டு ராத்திரி பூரா யோசிச்சேன். ஏம்மா ஃபெனி, நீ செப்டம்பர்லதான பொறந்த? ஒம்பதாந்தேதி? கெழங்கு தோண்டுற மெஷின அப்படியே வயல்ல விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேனே." டாலியாக்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இல்ல, எனக்குத்தான் புத்தி பெசகுதா? அப்படின்னா சொல்லிடு. டாக்டரப் பாக்கணும்."

காப்பி பருகும் சத்தம் நின்றது.

ஈரத் துணி வாசம் அவளுக்கு நினைவு வந்தது. இருட்டு, கதவைத் தட்டும் ஓசை, விரலுக்குக் கொஞ்சம் தடிமனாகப் பட்ட தாள். இரண்டு தாள். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள். ஆகஸ்ட்டோடு செப்டம்பரும் சேர்ந்து புரண்டு, அவள் அக்டோபரில் எழுதியிருக்கிறாள். அவர்கள் அவளை ஒதுக்கவில்லை. அக்டோபர் தாளைத் திருப்பியபோதுதான் அவள் பெயரையே பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும் வந்துவிட்டார்கள், மழையில், கீழே இறங்கி.

இப்போது ஒரு வாக்கியம் போதும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தேதி குழம்புகிறது. எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், கிளாசினாவின் முகம் தளரும், இந்த வட்டம் இப்படியே இருக்கும். வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பையனைப் போல.

"உங்களுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குப்பா. செப்டம்பர் ஒம்போதுதான்." அவள் கிளாசினாவின் பக்கம் திரும்பினாள். "உங்க பொறந்தநாளன்னிக்கு நானே எழுதிக்கிட்டேன். யாரும் சொல்லல. லைட்டு அணைஞ்சிருச்சு, லுபெர்ட் மாமா கதவத் தட்டினாரு, இருட்டுல எழுதினேன். தாள் ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. தேதியும் தப்பு, எழுதினதும் தப்பு."

"நான் அவசரத்துல இருந்தேன்," என்றார் லுபெர்ட் மாமா.

கிளாசினா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் பின்னால் பம்ப் நிலையத்தின் எண் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. அதை விரலால் தடவினாள்.

"கொட்டகையில பன்னெண்டு நாற்காலி இருந்துச்சு," என்றாள். "ரெண்டு பேரு இருக்கிற வீட்ல எதுக்குப் பன்னெண்டுன்னு நெனச்சேன். போன மாசம் போட்டு வச்சிருந்தியா?"

ஃபென்னா தலையசைத்தாள்.

"எத்தன மணி வரைக்கும்?"

"ஒம்போது."

"நாலு நாற்காலில நான் உக்காந்தேன்," என்றான் ரீக்கெல்ட். யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை.

கிளாசினா உட்கார்ந்தாள். அவள் முதுகு நாற்காலியில் சாய்ந்ததை ஃபென்னா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"மொத வருஷமே எழுதியிருக்கணும்," என்றாள் கிளாசினா, தன் காப்பிக் கோப்பையைப் பார்த்து. "கோவம். கீழ போயிட்டான்னு. ரெண்டாவது வருஷம் கோவம் போயிருச்சு. ஆனா தேதி தெரியாது. உன்கிட்ட கேக்கலாம். கேட்டா, ரெண்டு வருஷமாவா தெரியாதுன்னு நெனப்ப. மூணாவது வருஷம் அது இன்னும் மோசம். அஞ்சாவது வருஷத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேக்குறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல," என்றான் ரீக்கெல்ட்.

"உன்கிட்டயா? உனக்கு என் பொறந்தநாளே தெரியாது."

"ஏப்ரல்."

"ஏப்ரல்ல?"

அவன் காப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனான். வட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஒண்ணாந்தேதி தாளத் திருப்பினேன். குடிகாரன் எழுதின மாதிரி ஒரு பேரு. பாத்ததும் என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு." கிளாசினா நிமிர்ந்தாள். "இன்னொண்ணும் சொல்றேன். நீ வர்றதுக்கு முன்னாடி உன் டாய்லெட்டுக்குப் போனேன்."

ஃபென்னா வீட்டுக் கழிப்பறையிலும் ஒரு காலண்டர் தொங்கியது. எல்லோர் வீட்டிலும்தான் தொங்குகிறதே.

"நாங்க எல்லாரும் இருக்கோம். மையில. அஞ்சு வருஷத்து மை, வெளுத்தே போச்சு. என் நாய்கூட இருக்கு. அதுக்கு எப்பப் பொறந்தநாள்னு எனக்கே தெரியாது."

"மெய்ண்டர்ட்கிட்ட கேட்டேன்," என்றாள் ஃபென்னா.

"நான் ஏதோ ஒரு தேதியச் சொன்னேன்," என்றான் மெய்ண்டர்ட்.

இந்தத் தடவை கிளாசினாவும் சிரித்தாள். சிரித்தால் அவள் ரீக்கெல்ட்டைப் போலவே இருந்தாள். ஃபென்னாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"அக்டோபர அழிச்சிடுங்க," என்றாள் ஃபென்னா. "பென்சில்தான்."

"பென்சில் மேல மை போட்டுட்டேனே. அன்னிக்கே போட்டேன். அம்மா காலத்துலேந்து அதுல ஒரு பேரையும் அடிச்சதில்ல. ஹில்லியவே அடிக்கல, உன்னையா அடிப்பேன்?"

ஃபென்னா அந்தக் கடைசி வார்த்தைகளை மனதுக்குள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஐந்து வருடமாக ஹில்லியின் பெயரைப் பார்த்து அவள் கசங்கியதெல்லாம் இப்படி ஒரு விதிக்காகவா?

லுபெர்ட் மாமா கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். வட்டத்தின் நடுவே நடந்து கிளாசினாவின் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"உன் தம்பி பொண்டாட்டிக்காக வாழ்த்துகள், கிளாசினா."

கிளாசினாவின் புருவம் உயர்ந்தது.

"மாமா, அவங்களுக்குக் கல்யாணமே ஆகல."

"கைய நீட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? எனக்கு எண்பத்தொண்ணு."

கிளாசினா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஃபென்னாவை, அவள் பூட்ஸை, கம்பளத்தில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள். எழுந்து நின்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நன்றி மாமா," என்றாள். "அந்தப் பூட்ஸக் கழட்டச் சொல்லுங்க அவள."

அதன்பின் எல்லோரும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்து, "உங்க மகளுக்காக வாழ்த்துகள்" என்றார்கள். அவர் ஒவ்வொருவரிடமும், "செப்டம்பர்தான், என் புத்தி சரியாத்தான் இருக்கு," என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லுபெர்ட் மாமா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெத்திலி வாடகையைப் பற்றி நேரிலேயே பேச ஆரம்பித்தார். ரீக்கெல்ட் இருப்பதிலேயே பெரிய புகைமீனை முழுசாகத் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு மெழுகுவர்த்தியைச் செருகிக் கொண்டுவந்தான். வட்டம் பாடியது. புகைமீன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பர் கடைசியில் மெய்ண்டர்டின் பிறந்தநாள் வந்தது. வட்டம், காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட், எடுத்ததும் டப்பா மூடப்பட்டது. உள்ளே வந்தவர்கள் ஃபென்னாவின் முன்னால் தடங்காமல் எதையோ சொல்லி வாழ்த்திவிட்டு நகர்ந்தார்கள். சிலர் சரியாகச் சொன்னார்கள், ஒருவன் அவசரத்தில் அவள் தாத்தாவுக்காக வாழ்த்தினான். மூன்றாவது காப்பிக்குப் பிறகு அவள் எழுந்து போனாள்.

நவம்பரிலிருந்து ஒரு தாள் பின்னால் திருப்பினாள். அக்டோபரில் அவள் இருந்தாள். கோணல் பென்சில் எழுத்துகளின் மேலேயே, ஒரு கோணலையும் நிமிர்த்தாமல், நீல மை ஓடியிருந்தது. ஒட்டிக்கொள்ளும் தாள்களுக்கு நடுவில் யாரோ மெழுகுத்தாள் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு தாள் பின்னால் செப்டம்பருக்குத் திருப்பினாள். ஒன்பதுக்கு எதிரே கிளாசினாவின் நேரான கையெழுத்து: ஃபென்னா. கேக் இந்தத் தேதிக்கு.

விளக்கு அணைந்தது. இருட்டில் தாளைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போக வேண்டும், தெரியும். கொஞ்ச நேரம் போகட்டும் என்று இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன எழுதுற?" என்றாள் கிளாசினா.

"ஒண்ணும் எழுதல. படிக்கிறேன்."

"அப்ப சீக்கிரம் படி. மாமா நிக்கிறாரு."